படி விளிம்புக்குக் கறுப்பு

முத்து பீவிக்குத் தினமும் ஒரு தரமாவது தண்ணீரில் விழுந்து எழாவிட்டால் சோறு இறங்காது. சோற்றை வடித்து, மீன் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, மத்தியானத் தொழுகைக்கான லுஹர் பாங்குக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது பழைய சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போவாள். அங்கே இரண்டாள் உயர மதிலுக்குள் தொட்டி இருந்தது. தொட்டி என்பது வீட்டுப் பேச்சு. இருபத்து நாலடி நீளம், பதினாலடி அகலம். ஒரு கோடியில் இடுப்பளவு, மறுகோடியில் ஆள் முங்கும் ஆழம். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக எட்டுத் தடவை நீந்துவாள். ஐம்பத்தோரு வயதில், சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குகிற உடம்போடு எட்டுத் தடவை. ஏறி வரும்போது முகம் யாரோ நல்ல சேதி சொல்லிவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

தொட்டியைக் கட்டியவர் அவளுடைய வாப்பா. கொழும்பில் ரத்தினக் கல் வியாபாரம் பார்த்தவர். காயல்பட்டினத்தில் கடல் கூப்பிடு தூரம்தான்; ஆனால் அவருடைய வாவு குடும்பத்துப் பெண்களுக்குக் கடல் என்றால் ராத்திரியில் கேட்கிற சத்தம், அவ்வளவுதான். கொழும்பில் ஏதோ ஒரு பங்களாவில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நீந்துவதைப் பார்த்துவிட்டு வந்தவர், என் பிள்ளைகளுக்கு மட்டும் கையும் காலும் இல்லையா என்று கேட்டு, சிப்பிச் சுண்ணாம்பு பூசி இதைக் கட்டிவிட்டார். ஏழு வயது முத்து பீவி இடுப்பில் காலி மண்ணெண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அன்றைக்குக் குதித்தவள்தான். கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும், கணவர் மவுத்தாகிப் போன பிறகு நாலு மாதம் பத்து நாள் அறைக்குள் இத்தா இருந்ததற்கும் தவிர வேறெதற்கும் அவள் தண்ணீருக்கு லீவு விட்டதில்லை.

காயலில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து வாழவேண்டும். முத்து பீவிக்கு அவள் உம்மா கொடுத்த வீட்டை அவள் தன் ஒரே மகள் சம்சுன்னிசாவுக்குக் கல்யாணத்தன்று எழுதிக் கொடுத்திருந்தாள். அதனால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழில் தொட்டி ஒழுக ஆரம்பித்து, சுண்ணாம்புப் பூச்சு வெயில்பட்ட தோல்போல உரியத் தொடங்கியபோது, அதை எப்படிச் செப்பம் செய்வது என்று முடிவு செய்கிற உரிமை இருபத்து நாலு வயது சம்சுவுடையது.

சம்சு அந்த உரிமையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. துபாயில் வேலை பார்த்த அவள் கணவன் அப்துல் காதர் ஒரு ஓட்டல் காலண்டரிலிருந்து படமொன்றைக் கத்தரித்துக் கடிதத்தில் வைத்து அனுப்பியிருந்தான். வெளிர்நீல டைல் பதித்த நீச்சல் குளம். சுவர், தரை, படி எல்லாம் ஒரே நீலம். எங்கே தண்ணீர் முடிகிறது, எங்கே சுவர் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

"வானத்தை மடிச்சு உள்ள வச்ச மாதிரி இருக்குல்லம்மா?" என்றாள் சம்சு.

முத்து பீவி படத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "இருக்கு, இருக்கு" என்றாள்.

வேலைக்கு வந்தவர் நாசரேத்துக் கொத்தனார் கிருபாநிதி. ஞாயிற்றுக்கிழமை கோயில் உண்டு, வேலைக்கு வரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்; மற்ற ஆறு நாளும் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார். ஆறு வாரம் வேலை பார்த்தும் அந்த வீட்டில் அவர் கண்டது பின்கட்டுக் கதவையும், அதன் இடுக்கில் வெளியே வரும் டீ டம்ளரையும்தான். வீட்டுப் பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று பேசுவார்கள். இவர் கதவைப் பார்த்துப் பதில் சொல்லுவார். மத்தியானம் அவரும் ஆட்களும் சாப்பிடப் போன பிறகு பெண்கள் வந்து வேலையைப் பார்த்துவிட்டு, பிடித்த டைலை மதில் ஓரக் கல்லில் நிமிர்த்தியும் பிடிக்காததைக் கவிழ்த்தும் வைத்துவிட்டுப் போவார்கள்.

கதவுக்குப் பின்னால் இருப்பது சின்னம்மாவா பெரியம்மாவா என்று தெரிந்துகொள்வது மட்டும் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. தாய்க்கும் மகளுக்கும் ஒரே தொண்டை. தூத்துக்குடி ஜேசுபாதம் அண்ணாச்சி கடையில் கொஞ்சம் டைலை எடுத்துப் பையில் போட்டு வந்த அன்று, "நம்ம ஊரு தண்ணி உப்புத்தண்ணிம்மா" என்று கதவிடம் தொடங்கினார். "சுண்ணாம்பு இனிமே நிக்காது. சிமெண்டு பூசி மேல சிமெண்டுப் பால் தேய்ச்சு விடலாம். ரெண்டு வருசத்துல பாசி பிடிச்சுக் கறுத்துப் போவும். தரைக்கு வெள்ளைக் கல் சிப்ஸ் போட்டு மொசைக் இழைக்கலாம், வழுக்காது. சுவருக்குப் பீங்கான் டைல்தான் ராஜா."

"தரைக்கு மொசைக். அதுவும் நீலப் பொடி கலந்து. சுவருக்கும் படிக்கும் டைல்" என்றது கதவு. அது சம்சு.

"படிக்கு டைல் வழுக்குமே?"

"சொரசொரப்பா இருக்கது இல்லையா?"

"இருக்கு. கொண்டாந்திருக்கேன்." கிருபாநிதி பையைத் திறந்தார். "ஆனா ஒண்ணு. டைலை வெறும் கையில வச்சுப் பாத்து எடுக்கப்பிடாது. தண்ணிக்குள்ள போனா அது வேற முகம் காட்டும். ஒரு பெரிய தட்டு இருந்தாத் தாங்க."

கதவிடுக்கு வழியாக ஒரு சகன் வந்தது. விருந்துகளில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாக உண்ணுகிற அகலத் தட்டு. அவர் அதில் தண்ணீர் ஊற்றி, நீல டைல் மூன்றைப் படிபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கொஞ்சம் தள்ளித் தள்ளி அடுக்கி, கதவடியில் நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

எதிர் வீட்டு மைமூன் மாமி, பெண்கள் மட்டும் நடக்கிற முடுக்குச் சந்து வழியாக வந்து உட்கார்ந்திருந்தாள். கல்யாணச் சகனில் டைலைப் பார்த்ததும், "கிடாக்கறி எங்கேளா?" என்று கேட்டுச் சிரித்தாள். சம்சு குனிந்து பார்த்து, "அல்லா, எவ்வளவு அழகு! மூணு படியும் தனித்தனியாத் தெரியுது பாருங்கம்மா" என்றாள்.

முத்து பீவியும் குனிந்தாள். அவளுக்கு மூன்று தெரியவில்லை. ஒரே ஒரு நீலம் தெரிந்தது. விளிம்பு இல்லை, படி இல்லை. வெள்ளைப் பீங்கானில் சொட்டு நீலம் கரைத்து ஊற்றின மாதிரி ஒரு பரப்பு, அவ்வளவுதான்.

ஒரு வருஷமாக வலது கண்ணில் புகை மூட்டம். நாலு மாதமாக இடது கண்ணும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோக்க வேண்டிய தையலையெல்லாம் கை வலிக்கிறது என்று மைமூன் மாமி தலையில் கட்டினாள். மீனில் முள் எடுப்பதை விரலால் செய்தாள். தொட்டியில் மட்டும் கண்ணே வேண்டியிருக்கவில்லை. பழைய படிகளின் கறுத்த விளிம்பும் தேய்ந்த பள்ளமும் அவள் காலுக்கு மனப்பாடம். இப்போது படிகளையே இடித்து வேறு அளவில் கட்டியாகிவிட்டது. அதன்மேல் இந்த நீலமும் ஏறிவிட்டால் எந்தப் படியில் நிற்கிறோம் என்று எப்படித் தெரியும்? ஒரு தரம் கால் தவறினால் போதும்.

போதும் என்பதற்கு அத்தாட்சி பக்கத்திலேயே தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மைமூன் மாமியும் ஒரு காலத்தில் இதே தொட்டியில் நீந்தியவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன் படியில் வழுக்கி விழுந்தாள். அப்போதுதான் கண்ணில் புரை என்று தெரிந்தது. பாளையங்கோட்டையில் ஆபரேஷன். தலையை அசைக்காமல் படுக்கை, பிறகு நாற்பது நாள் தலையில் தண்ணீர் படக்கூடாது. நாற்பது நாள் முடிந்ததும் அவள் பெண்கள் ஒரு முக்காலியும் குவளையும் கொண்டுவந்து போட்டார்கள். உட்கார்ந்து மொண்டு ஊற்றிக்கொள்ளுங்க உம்மா, போதும், என்றார்கள். அதோடு சரி.

அந்த முக்காலியில் உட்கார முத்து பீவி தயாராக இல்லை.

அன்றிலிருந்து அவள் நீலத்தின்மேல் குற்றம் சொல்ல ஆரம்பித்தாள். நீலம் சாயப்பட்டறை மாதிரி இருக்கிறது. சரி, வெளிர்நீலம்தானே என்றாள் சம்சு. உப்பு படிந்தால் நீலத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்றாள் சம்சு. எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் விழுந்துவிடும்.

"எந்தப் பிள்ளையம்மா? நம்ம வீட்டுக்கு ஏது பிள்ளை?"

"இனிமே வராமலா போயிரும்? உன் மாப்பிள்ளை வருசத்துக்கு ஒருக்க வரத்தானே செய்யுதாரு."

சம்சு வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டாள். ஆனால் மசியவில்லை. "படி விளிம்புல மட்டும் வேற நிறம் வச்சா, நல்ல சேலைக்கு ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும். அவுங்க அனுப்புன படத்துல அப்படி இல்ல. உங்களுக்கு என்னம்மா ஆச்சு? எதுலயும் இப்படிப் பிடிவாதம் பண்ண மாட்டியளே?"

முத்து பீவி சோறு வடிக்கணும் என்று அடுக்களைக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமை சம்சு முடுக்கு வழியாக மூன்று வீடு தள்ளி ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தாள். கிருபாநிதி கதவருகே வந்து செருமினார்; உள்ளே முத்து பீவி மட்டும் நின்றாள்.

"சின்னம்மா, சுவரு முடிஞ்சிட்டு. சாயங்காலம் படிக்கு டைலை ஊறப் போடணும். ராத்திரி பூராவும் ஊறினாத்தான் சிமெண்டைக் கெட்டியாப் பிடிக்கும். அதே நீலந்தான?"

சின்னம்மா இல்லை என்று சொல்ல முத்து பீவி வாயைத் திறந்தாள். "ம்" என்று வந்தது. அந்த ஒரு எழுத்து வெளியே போன பிறகு மீதி தானாக வந்தது.

"படிக்கு நீலம். விளிம்புக்குக் கறுப்பு. நாலு விரக்கடை அகலம். ஒவ்வொரு படிக்கும்."

"நேத்து எல்லாம் ஒரே நீலம்னு சொன்னிய?"

"நேத்து சொன்னேன். இன்னைக்குக் கறுப்புன்னு சொல்லுதேன்."

"வீடு உங்க வீடு" என்றார் கிருபாநிதி. "கறுப்பு அண்ணாச்சி கடையில கெடக்கு. யாரும் சீண்டாம கெடக்கு." உடனே பஸ் ஏறிப்போய் வாங்கி வந்துவிட்டார்.

முத்து பீவி உள்ளே வந்து வெகுநேரம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். நான்தான் சம்சு என்று எங்கே சொன்னேன்? அந்த நியாயம் அவளுக்கே ருசிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் டைலைத் தட்டிப் பதிக்கும் சத்தம் டொக் டொக்கென்று கேட்டபோது வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது உண்மை. வியாழக்கிழமை மத்தியானம் சம்சு தொட்டியைப் பார்க்கக் கிளம்பியபோது, ஈரமாக இருக்கும், மிதித்துவிடாதே என்று சொல்லித் தடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை தடுக்க வழியில்லை.

போன வேகத்தில் சம்சு திரும்பி வந்தாள். ஆட்கள் சாப்பிட்டுத் திரும்பிய சத்தம் கேட்டதும் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"மேஸ்திரி! படியில என்ன அது, கறுப்புக் கறுப்பா?"

"நீங்க சொன்ன கறுப்புத்தாம்மா."

"நானா? நான் எப்போ சொன்னேன்?"

"புதன்கிழமை. இதே கதவுலதான்."

"புதன்கிழமை நான் வீட்டுலயே இல்ல!"

வெளியிலிருந்து கிருபாநிதியின் குரல் மெதுவாக வந்தது. "கர்த்தர் அறிய உங்க சத்தம்மா. நாலு விரக்கடைன்னு அளவுகூடச் சொன்னிய."

மைமூன் மாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஜின்னு கின்னு ஏதும் பேசிருக்குமோ?"

"ஜின்னுக்கு விரக்கடை அளவு தெரியுமா மாமி? இவரு கறுப்பு டைலை எங்கயோ மலிவா வாங்கி நம்ம தலையில கட்டுதாரு. நாளைக்கு வேற கொத்தனாரைக் கூப்பிடுதேன்."

அது கதவைத் தாண்டிக் கேட்டுவிட்டது. "சின்னம்மா" என்றார் கிருபாநிதி. குரலில் கோபமில்லை, காய்ந்து போயிருந்தது. "பதினெட்டு வருசமா இந்த வேலை பாக்கேன். கோணலா வச்சான்னு சொன்னவன் உண்டு. பொய் சொன்னான்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நானே ஒடச்சு எடுத்துட்டு நீலம் வச்சுத் தாரேன். அந்தப் பேரு மட்டும் எனக்கு வேண்டாம்."

உளியும் சுத்தியலும் எடுக்கிற சத்தம். முதல் அடி விழுந்தது. சில்லு தெறித்தது.

முத்து பீவி அடுக்களையிலிருந்து எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நிறுத்துங்க மேஸ்திரி! ஒடைக்காதிய. கறுப்புன்னு சொன்னது நான்தான்."

சுத்தியல் நின்றது. "இப்பப் பேசுதது எந்தம்மா?" என்று வெளியிலிருந்து குழம்பிப்போன குரல் வந்தது.

"பெரியம்மா. அன்னைக்குப் பேசினதும் பெரியம்மா. நீங்க சின்னம்மான்னு கூப்பிட்டிய, நான் இல்லன்னு சொல்லல. தப்பு என் பேருல."

சம்சு உம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். நடுக்கூடத்தில் நிறுத்தி, முகத்தைப் பார்த்தாள். "ஏம்மா? என் வீட்டுல எனக்குத் தெரியாம, என்னை மாதிரிப் பேசி? ஒரு டைலுக்காகவா?"

"டைலுக்காக இல்லளா." முத்து பீவி சுவரில் சாய்ந்தாள். "எனக்கு அந்த நீலத்துல படி தெரியாது. சகன்ல நீ மூணு பாத்தே. நான் ஒண்ணுதான் பாத்தேன்."

சம்சு இரண்டு கை தள்ளி நின்று விரல்களைக் காட்டினாள். "எத்தனைம்மா?"

"கை தெரியுது. விரல் தெரியல."

"எவ்வளவு நாளா?"

"வருசம் ஒண்ணாச்சு."

"வருசம் ஒண்ணாச்சா! குருட்டுக் கண்ணோட தினமும் ஆழத்துல போய் முங்கிட்டு வந்தியளா?" சம்சுவின் குரல் உடைந்தது, உடனே கோபமாக மாறியது. "இனிமே தொட்டிப் பக்கமே போவப்பிடாது. சொல்லிட்டேன்."

"இதுக்குத்தான் சொல்லல" என்றாள் முத்து பீவி. "மைமூனைப் பாரு. கண்ணு வந்திட்டு. தண்ணி போயிட்டு. நாளும் கரையில உக்காந்து அடுத்தவளைக் கேலி பண்ணிக்கிட்டு இருக்கா. எனக்குக் கண்ணு போறதுகூடப் பெருசில்ல. முக்காலியில உக்கார வச்சிராதே."

"நான் என்னளா பண்ணினேன்? என்னைய ஏன் இழுக்கே?" என்றாள் மைமூன் மாமி வாசல்படியிலிருந்து. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவ சொல்லுததும் நெசந்தான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

சம்சு தன் அறைக்குள் போய்விட்டாள். அன்று கிருபாநிதியும் ஆட்களும் மேற்கொண்டு ஒன்றும் செய்யாமல் சீக்கிரமே கிளம்பிப் போனார்கள்.

வெயில் சாய்ந்த பிறகு பின்கட்டில் காலடி கேட்டு முத்து பீவி எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கலங்கலாகத் தெரிந்தது ஒரு வெள்ளை உருவம். சம்சுதான். மெல்லிய மல் துணித் துப்பட்டியை மூன்று மடிப்பாக மடித்து முகத்தில் போட்டு, தலைக்குப் பின்னால் முடிச்சிட்டிருந்தாள். உம்மாவின் கண் எப்படிப் பார்க்கும் என்று தெரிந்துகொள்ள அவளுக்குத் தோன்றிய வழி அது. தண்ணீரில்லாத தொட்டிக்குள் கையை முன்னால் நீட்டிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஏறினாள். மறுபடியும் இறங்கினாள். கீழே போய்ச் சுவரோரமாக நடந்தாள். எதிர்ச்சுவர் எங்கே என்று தெரியாமல் போய் நேராக மோதிக்கொண்டாள்.

"அடி பட்டுதாளா?" என்று கத்தினாள் முத்து பீவி.

"படல." துப்பட்டியை அவிழ்த்த முகம் வியர்த்திருந்தது. நெற்றியைத் தடவிக்கொண்டே ஏறி வந்து உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கறுப்பு இருந்த எடம் மட்டும் தெரிஞ்சிதும்மா" என்றாள். "மத்ததெல்லாம் புகை. சுவரு வாரதே தெரியல. நீங்க எப்படி எட்டுத் தடவை போனிய?"

"பழைய சுவர்ல பாசி கறுத்துக் கெடந்துதே. அதுல தெரிஞ்சிது. அப்புறம் எண்ணிக்கிட்டே போவேன். பன்னெண்டு கை போட்டாச் சுவரு."

சம்சு உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "பாளையங்கோட்டைக்கு வாரியளா? ஆபரேஷன் பண்ணணும். நாப்பது நாள் தண்ணி கிடையாது. அதுக்குச் சம்மதம்னா, நாப்பத்தோராம் நாள் நானே இறக்கி விடுதேன். முக்காலி கிடையாது. தனியா மட்டும் போவப்பிடாது, கரையில நான் இருப்பேன்."

"நீ கரையில இருந்து வளவளன்னு பேசக்கூடாது. எண்ணிக்கை தப்பிப் போவும்."

"சரி, பேசல."

"அப்ப வாரேன்" என்றாள் முத்து பீவி.

மறுநாள் காலை கிருபாநிதி வந்து கதவுக்கு நாலடி தள்ளியே நின்றார். இரண்டு குரலும் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டன; எது யாருடையது என்று அவருக்குப் பிடிபடவில்லை. "சரிம்மா, சரி. ஆனா இனிமே ஒரு ஏற்பாடு வேணும்" என்றார். "பெரியம்மான்னா கதவுல ஒரு தட்டு. சின்னம்மான்னா ரெண்டு தட்டு. தட்டாம யாரு என்ன சொன்னாலும் நான் கரண்டியைத் தொடமாட்டேன்."

கதவு இரண்டு தட்டுத் தட்டியது. "உடைஞ்ச கறுப்பை மாத்திருங்க. அப்புறம், அந்த ரெண்டு குறுக்குச் சுவர்லயும் தண்ணி மட்டத்துக்குக் கீழ ஒரு முழ அகலத்துக்குக் கறுப்பு வையிங்க. தரையிலயும் நடுவுல நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு வேணும். இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி மட்டும்."

"தரையில மொசைக் போட்டாச்சேம்மா?"

"வெட்டி எடுத்துப் பதிங்க."

கிருபாநிதி தலையைச் சொறிந்தார். "மாப்பிள்ளை அனுப்புன படத்துல இப்படி இல்லையே?"

"அவுங்க துபாயில நீந்தட்டும். இங்கன எங்க உம்மா நீந்துதாங்க."

உள்ளே, மகளுக்குப் பின்னால், முத்து பீவி கதவை ஒரு தட்டுத் தட்டினாள். "கோடு கோணலாப் போயிரப்பிடாது மேஸ்திரி. நான் அதும்மேலதான் போவேன்."

ஆபரேஷன் ஒரு கண்ணுக்கு மட்டும் நடந்தது. நாற்பது நாள் அவள் வீட்டாரைப் படுத்திய பாட்டை மைமூன் மாமி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். தடித்த கண்ணாடி வந்தது. அதைப் போட்டால் சம்சுவின் புருவத்து மயிரைக்கூட எண்ணலாம். கழற்றிவிட்டால் முன்னைவிட மோசம். கண்ணாடியோடு முங்க முடியாது என்பதை ஆஸ்பத்திரியில் யாரும் யோசித்திருக்கவில்லை. சம்சு யோசித்திருந்தாள்.

நாற்பத்தோராம் நாள் முத்து பீவி கண்ணாடியைக் கழற்றி மகள் கையில் கொடுத்தாள். மதில், மகள், மைமூன் எல்லாம் கரைந்துபோயின. காலடியில் முதல் கறுப்பு விளிம்பு மட்டும் நின்றது. மிதித்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. ஐந்தாவது படியில் தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் மூச்சை இழுத்துக்கொண்டு, கீழே நேராக ஓடிய கோட்டின்மேல் உடம்பைக் கிடத்தினாள்.

இரண்டு தடவை போய்வந்து படியில் நின்று இளைத்தாள். கரையில் சத்தமே இல்லை.

"ஏளா, இருக்கியா?"

"இருக்கேன். நீங்கதான் பேசக்கூடாதுன்னிய."

"எத்தனை ஆச்சு?"

"ரெண்டு. போதும்மா இன்னைக்கு, ஏறுங்க."

"எட்டு" என்றாள் முத்து பீவி, திரும்பிக் கோட்டைத் தேடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள்.